ஷட்டர் இறங்காத கடை

கோல சிலாங்கூர்
3 ஜூலை 2025

தம்பி சைஃபுதீனுக்கு,

ஸலாம். நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ நலம் என்பதை உன் வீட்டு ஜஸ்மின் தினமும் என் வீட்டு நஜீபாவிடம் சொல்லிவிடுகிறாள். நீயும் நானும் பேசி நாலு வருடம் ஆகிறது. நம் வீட்டுப் பெண்கள் ஒரு நாள்கூடப் பேசாமல் இருந்ததில்லை.

போன் செய்யலாம்தான். கடைசியாகப் போனில் பேசியபோது இரண்டு வார்த்தைக்கு மேல் ஓடவில்லை. நீ வைத்தாயா, நான் வைத்தேனா என்று இன்றுவரை தெரியாது. எழுதினால் குறுக்கே பேச ஆள் இல்லை. முட்டை லோரி ஓட்டும் பாலன் நம் சாப்பாட்டுக் கடையில் முட்டை இறக்கிவிட்டு அப்படியே வடக்கே உன் பக்கம் வருகிறான். உன் கடைக்கும் அவன்தான் முட்டை போடுகிறான் என்பதை நேற்றுதான் சொன்னான். அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். ஆகஸ்டு மாதம் நானும் உன் மச்சியும் லங்காவித் தீவுக்குப் போகிறோம். ஒரு வாரம் தங்குகிறோம்.

நாகூருக்குப் போனதெல்லாம் விடுமுறைக் கணக்கில் வராது என்று நஜீபா சொல்லிவிட்டாள். "கலியாணத்துக்குப் போனோம், மவுத்துக்குப் போனோம், வீட்டுக்கு ஓடு மாத்தப் போனோம். நிம்மதியா ஒக்காந்து கடல பாக்க எப்பங்க போனோம்" என்று கேட்டாள். கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, பாசிர் பெனாம்பாங் போய்ப் பார்த்துவிட்டு மீனும் வாங்கி வரலாமே என்றேன். அதற்கு அவள் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர என்னால் ஆகாது.

நான் ஒரு காரியத்தில் இறங்கினால் எப்படி இறங்குவேன் என்பது உனக்குத் தெரியும். காருக்கு டயரிலிருந்து வைப்பர் வரை புதிதாகப் போட்டாகிவிட்டது. சர்க்கரை மாத்திரையை இரண்டாகப் பிரித்து ஒரு பங்கு என் பையில், ஒரு பங்கு அவள் பையில். ஒன்று தொலைந்தால் இன்னொன்று இருக்கும். ஐசி அடையாள அட்டை நகல், கப்பல் டிக்கெட், ஹோட்டல் ரசீது எல்லாம் மழை பட்டாலும் நனையாத ஒரே உறையில். எதிர்வீட்டு மாதவி டீச்சர் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, வாசலில் விழும் தபாலை எடுத்து வைப்பார். கேஸை மூடுவது யார், சுவிட்சை அணைப்பது யார் என்றுகூடப் பேசி முடித்துவிட்டோம். இந்தக் கோல சிலாங்கூரில் இவ்வளவு ஒழுங்காக ஒரு பயணத்துக்குத் தயாரான ஆளைக் காட்டு, பார்க்கலாம்.

கடையை யார் பார்ப்பது என்று நீ கேட்பாய். அதற்கும் ஏற்பாடு உண்டு. உன்னிடம் அதைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. இது ஒரு தகவலுக்காக எழுதியது.

நூருல் அமீன்


சுங்கை ஆயர் தாவார்
7 ஜூலை 2025, திங்கள்

நானாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். பாலன் உங்கள் கடிதத்தை முட்டைத் தட்டுகளுக்கு நடுவில் செருகிக்கொண்டு வந்தான். வழியில் ஒரு முட்டை உடைந்து, கார் டயர் பற்றிய பகுதி முழுக்க மஞ்சள் கரு. தகவல் என்ற சொல் மட்டும் தப்பித்துவிட்டது.

இன்று திங்கட்கிழமை. என் கடை மூடியிருக்கிறது. ஜன்னலோர மேசையில், எனக்கு நானே ஆற்றிய டீயை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வாரத்தில் ஒரு நாள் மூடுகிற கடை ஆறு மாதம் தாங்காது என்றார்கள். நாலு வருடமாகத் தாங்குகிறது. செவ்வாய்க்கிழமை காலையில் ரொட்டி சானாய்க்கு வாசலில் ஆள் நிற்கிறது. பெருமைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

லங்காவி சேதி எனக்கு முன்பே தெரியும். மச்சி நாலைந்து அறைகளின் படத்தை அனுப்பி, ஜஸ்மின் எதைக் காட்டினாளோ அதைத்தான் எடுத்திருக்கிறார். பால்கனியிலிருந்து கடல் தெரியுமாம். நீங்கள் அதில் உட்கார்ந்துகொண்டு, இந்நேரம் தால்ச்சா தீர்ந்திருக்குமா என்று யோசிப்பீர்கள்.

நானா, உங்கள் தயாரிப்பில் குறை சொல்லவில்லை. ஆனால் டயரும் மாத்திரையும் செடிக்குத் தண்ணீரும் வீட்டை விட்டுப் போகிறவனுக்கு. நீங்கள் கடையை விட்டல்லவா போகிறீர்கள். மகன் பிறந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து என்னைக் கூப்பிட்டு, "ஆம்பளப் புள்ள. மீன் கறி கொதிச்சிருச்சா?" என்று ஒரே மூச்சில் கேட்டவர் நீங்கள். அப்படிப்பட்டவருக்குத் தேவையான தயாரிப்பு வேறு.

அந்த ஏற்பாடு என்னவென்று எழுதவில்லை. ஜஸ்மின் சொன்னாள், ஒரு வாரம் கடையை மூடப்போகிறீர்களாம். நான் நம்பவில்லை. திங்கட்கிழமை மட்டும் மூடுவோம் என்று நான் கேட்டபோது, கடை நிறைய ஆள் இருக்க, "கடைய மூடறவன் கடைக்காரன் இல்லடா" என்று சொன்னது இதே வாய். அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் நான் பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். லங்காவிக்கு ஒரு வாரம் உண்டு, தம்பிக்கு ஒரு நாள் இல்லை என்றால் எனக்கு வலிக்கிறது நானா. மறைக்க விருப்பமில்லை.

இன்னொன்று. மூடுவது என்றால் ஷட்டரை இறக்க வேண்டும். இருபத்து நாலு மணி நேரமும் திறந்தே கிடக்கும் கடை அது. அந்த ஷட்டர் கடைசியாக எப்போது இறங்கியது? நீங்கள் இறக்கிப் பார்த்தீர்களா?

சைஃபு


கோல சிலாங்கூர்
12 ஜூலை 2025

தம்பி,

இறக்கிப் பார்த்தேன். இறங்கவில்லை.

மதியக் கூட்டம் வடிந்த நேரமாகப் பார்த்து, கொக்கியை மாட்டி இழுத்தேன். ஒரு சாண் வந்தது, அதோடு நின்றுவிட்டது. கொட்டிய துரு மீன் கறியில் விழாமல் பண்டாரி தட்டால் மறைத்துக்கொண்டார். மனிதர் முப்பது பேருக்குச் சமைக்கிற கையால் ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தார். ஏணி போட்டு ஏறினேன். பந்தாட்டம் பார்க்க டிவி மாட்டினோமே, அந்த இரும்புத் தாங்கியை ஷட்டர் ஓடுகிற தடத்தின் மேலேயே ஸ்குரூ அடித்து வைத்திருக்கிறோம். மறுபக்கம் பெயர்ப்பலகைக்குப் போகும் மின்கம்பி அதே தடத்தில் ஓடுகிறது. மேலே பெட்டிக்குள் மைனா கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் மூடுவதற்கு எப்போது தேவை வந்தது? பெருநாள் தொழுகைக்குப் போனால் சத்தியசீலன் கல்லாவில் உட்கார்ந்துகொள்வார். கொரோனா காலத்தில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோதுகூட நாற்காலிகளை வாசலில் அடுக்கிக் கயிறு கட்டினோமே தவிர, ஷட்டரை யாரும் தொடவில்லை. ஊரில் எல்லோரும் வீட்டுக்கு நாலு பூட்டு வைத்திருக்கும்போது நம் கடைக்கு ஒரு பூட்டுகூட இல்லை.

சத்தியசீலனை உனக்கு ஞாபகம் இருக்கும். ராவாங் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்த்து ஓய்வுபெற்றவர், காலையில் நம் கடையில் பேப்பரை விரித்தால் மதியம் வரை மடிக்கமாட்டார். அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "என்னா மொதலாளி, ஒங்க கடைக்கு மூடத் தெரியலயே லா" என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. பெருமைதான் ஒரு கரண்டி கூடுதல்.

உன் வலிக்கு வருகிறேன். மூட நினைத்தது உண்மை. உனக்கு இல்லை என்றதை லங்காவிக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்க ஒரே ஆள்தான் இருக்கிறான், அவனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால் மூட நினைத்தேன். இப்போது ஷட்டரும் என்னைக் கைவிட்டுவிட்டது. நஜீபா மூட்டையைக் கட்டி ஹாலில் வைத்துவிட்டாள். நான் அதைத் தாண்டித் தாண்டித்தான் படுக்கப் போகிறேன்.

அந்தக் கடையின் இரவு நேரம் உனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. பகலையும் நீ பார்த்துக்கொள்வாய். இதையும் தகவலாகத்தான் எழுதுகிறேன்.

நூருல் அமீன்


சுங்கை ஆயர் தாவார்
14 ஜூலை 2025, திங்கள்

நானா,

தகவல் கிடைத்தது. வருகிறேன்.

பாலன் நின்றுகொண்டே இருந்தான். "அண்ணே, பதில் கையோட வாங்கிட்டு வரச் சொன்னாரு. இல்லாட்டி முட்டைய திருப்பி அனுப்பிருவாராம்" என்றான். முட்டை என்ன பாவம் செய்தது?

நான் வருவதற்குக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு அது தெரியாது என்று இப்போதுதான் எனக்குத் தோன்றுகிறது. காலையில் நீங்கள் வருவீர்கள், நான் போவேன். இரவில் நான் வருவேன், நீங்கள் போவீர்கள். கல்லாச் சாவியைச் சர்க்கரை டின்னுக்கு அடியில் வைத்துவிட்டுப் போவோம். சில நாள் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டோம், சாவி சூடாக இருந்தால் நீங்கள் இப்போதுதான் போயிருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்வேன். ஊருக்கே சோறு போட்டோம். நாம் இரண்டு பேரும் ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டது பெருநாளன்று மட்டும். அதுவும் ஆறுவதற்குள் விழுங்கிவிட்டு எழுந்துவிடுவோம்.

திங்கட்கிழமையை நான் கேட்டது அதற்குத்தான். தூங்குவதற்குக் கேட்கிறான் என்று நீங்கள் நினைத்தீர்கள். நானும் சரியாகச் சொல்லவில்லை. அண்ணனோடு உட்கார்ந்து சாப்பிட ஒரு நாள் வேண்டும் என்று ஒரு ஆம்பிளை எப்படிக் கடை நடுவில் நின்று கேட்பான்?

சரி, அது போகட்டும். நான் வருகிறேன், ஆனால் நீங்கள் ஒழுங்காகத் தயாரானால்தான் வருவேன். கிளம்புவதற்கு முன் இரண்டு நாள் நம் கடைக்கு வாடிக்கையாளராக மட்டும் போங்கள். மேசையில் உட்காருங்கள், வேண்டியதைக் கேளுங்கள், சாப்பிடுங்கள், காசு கொடுங்கள், வீட்டுக்குப் போங்கள். கல்லாப் பக்கமோ அடுப்புப் பக்கமோ கால் போகக் கூடாது. பையன்கள் தப்புச் செய்தால் நீங்கள் ஊரில் இருக்கும்போதே செய்யட்டும். நானும் இப்படித்தான் பழகினேன். முதல் முதலில் கடை மூடிய அன்று, வீட்டுக்கும் கடைக்கும் நடந்து நடந்து பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஜஸ்மின் சாவியை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தாள்.

அடுத்தது, லங்காவியில் உங்கள் போன் மச்சியின் கைப்பையில் இருக்க வேண்டும். கடையைப் பற்றி ஒரு அழைப்பும் வரக் கூடாது. ஒரே ஒரு தடவை கூப்பிட்டாலும், அடுப்பில் என்ன இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு வேனைக் கிளப்பிவிடுவேன். சொன்னால் செய்வேன் என்பதற்கு நாலு வருடச் சாட்சி இருக்கிறது.

சைஃபு


கோல சிலாங்கூர்
3 ஆகஸ்டு 2025

தம்பி,

இது பாலனிடம் போகவில்லை. சர்க்கரை டின்னுக்கு அடியில், சாவியோடு. நாளை சுபுஹு தொழுதுவிட்டுக் கிளம்புகிறோம். நீ மதியத்துக்குள் வந்துவிடுவாய் என்று ஜஸ்மின் சொன்னாளாம். பழைய ஷிப்டு மாதிரியே ஆகிவிட்டது, பார்.

வெள்ளியும் சனியும் வாடிக்கையாளராகப் போனேன். சொன்னபடி செய்தேன், சத்தியசீலனைக் கேட்டுக்கொள். முதல் நாள் டீயில் பால் தூக்கல், மேசையைத் துடைத்த துணியில் ஈரம் அதிகம், பேசக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண்பிள்ளை, புஞ்சாக் ஆலாம் கல்லூரியில் படிக்கிறவள் போலிருக்கிறது, கோழி வேகவில்லை என்று தட்டைத் தள்ளினாள். நான் எழுந்துவிட்டேன். அதற்குள் ரொட்டி போடுகிறவன் ஓடி வந்து, மன்னிப்புக் கேட்டு, வேறு தட்டு வைத்து, அவளுக்கு எலுமிச்சை பிழிந்த ஒரு தே ஓ லீமாவும் சும்மாவே கொடுத்தான். நானாக இருந்தால் கோழி வெந்திருக்கிறது என்று வாதாடியிருப்பேன். மறுபடி உட்கார்ந்துகொண்டேன்.

நான் இல்லாமலும் கடை நடக்கிறது. அன்றைக்கு அது நெஞ்சில் குத்தியது. வீட்டில் சோறு இறங்கவில்லை. நஜீபா தட்டை எடுத்துவைத்தாள். மறுநாள் அதே மேசையில் உட்கார்ந்தபோது அதே விஷயம் பெருமையாகிவிட்டது. இந்தப் பையன்களைப் பழக்கியவன் யார்? காசு கொடுக்கப் போனபோது கல்லாவில் இருந்தவன் வாங்கமாட்டேன் என்றான். "வாங்குடா. நான் கஸ்டமர்" என்றேன். வாங்கிக்கொண்டு மீதியும் கொடுத்தான். நல்ல பிள்ளை.

உனக்கு வேண்டிய குறிப்பெல்லாம் தனித்தாளில் இருக்கிறது. மீன்காரர், கேஸ்காரர், பண்டாரியின் முட்டிவலி, மின்விசிறி எந்தப் பக்கம் சுற்றினால் சத்தம் போடும், சத்தியசீலனுக்குச் சர்க்கரை கூடாது என்பது வரை எழுதிவிட்டேன். ஒன்றையும் விடவில்லை. நாலு தடவை சரிபார்த்தேன்.

நம் கடை இதுவரை மூடியதே இல்லை. அதை நீ அறிவாய். நான் திரும்பி வரும்போதும் அப்படியே இருக்க வேண்டும் என்பது என் ஆசை. இந்த வயதில் எனக்கென்று சொல்லிக்கொள்ள இருப்பது அது ஒன்றுதான். உத்தரவு இல்லை, ஆசைதான்.

நூருல் அமீன்


லங்காவி
6 ஆகஸ்டு 2025

தம்பி,

சபாக் பெர்ணம் தாண்டுவதற்கு முன் உன் வேன் எதிரே வந்தது. நான் கையைத் தூக்குவதற்குள் போய்விட்டாய். நஜீபா பார்த்துவிட்டாள். "ஹாரன் அடிச்சிருக்கலாம்ல" என்றாள். அதுவும் தோன்றவில்லை. பிறகு உன் கடையைப் பார்த்தோம். திங்கட்கிழமை, மூடியிருந்தது. காரை ஓரம் கட்டி இறங்கி நின்று பார்த்தேன். ஷட்டருக்கு நீலப் பெயிண்ட் அடித்து, எண்ணெய் போட்டுச் சுத்தமாக வைத்திருக்கிறாய். மூடியிருந்தாலும் ஒரு கடை கௌரவமாக இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இங்கே எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. ஹோட்டல் காலைச் சாப்பாட்டில் ரொட்டி சானாய் வைக்கிறார்கள். காலணித் தோல் மாதிரி இருக்கிறது. உன் மச்சி என் முகத்தைப் பார்த்தே சிரித்துவிட்டாள். நேற்று முழங்கால் வரை கடலில் நின்றோம். அவள் கல்யாணப் பெண் மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இன்று காலை ஹோட்டல் வரவேற்பறை டிவியில் செய்தி. பெரிய குழாய் உடைந்து கோல சிலாங்கூர் முழுக்கத் தண்ணீர் இல்லையாம். வெள்ளிக்கிழமைவரை ஆகுமாம். அத்தனை குறிப்பு எழுதினேன், தண்ணீரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. மாடித் தொட்டி ஒரு நாளைக்குத்தான் காணும். நஜீபாவிடம் போனைக் கேட்டேன். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "வாக்குக் குடுத்துருக்கீங்க" என்றாள். கொடுத்ததுதான். கூப்பிட்டால் நீ கிளம்பிவிடுவாய் என்பதும் தெரியும்.

அதனால் எழுதுகிறேன். கவுண்டரில் இருந்த பெண் தபாலா என்று இரண்டு தடவை கேட்டாள். விரைவுத் தபாலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

சைஃபு, கடையை மூடிவிடு. நாற்காலிகளை அடுக்கிக் கயிறு கட்டு. பையன்களை வீட்டுக்கு அனுப்பு. தண்ணீர் இல்லாமல் பாத்திரம் கழுவ முடியாது, கழுவாத தட்டில் நம் கடைச் சோறு போகக் கூடாது. என் ஆசையைப் பார்த்துக்கொண்டு நீ அல்லாட வேண்டாம். நான் உயிரோடு இருக்கும்போதே சொல்கிறேன், மூடினாலும் நீ கடைக்காரன்தான். என்னைவிட நல்ல கடைக்காரன்.

இதை எழுதிவிட்டு பால்கனியில் வந்து உட்கார்ந்தேன். கடல் நன்றாகத்தான் இருக்கிறது.

நானா


கோல சிலாங்கூர்
11 ஆகஸ்டு 2025, திங்கள்

நானா,

சர்க்கரை டின்னுக்கு அடியில்தான் இதையும் வைக்கிறேன். நீங்கள் மாலை அஸர் தொழுகைக்குள் வந்துவிடுவீர்கள் என்று சேதி. காத்திருக்கலாம். ஆனால் நேரில் பார்த்தால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. பழைய ஷிப்டே எனக்கு வசதியாக இருக்கிறது.

உங்கள் கடிதம் சனிக்கிழமைதான் கைக்கு வந்தது. தண்ணீர் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. கடை மூடவில்லை.

செவ்வாய் இரவு குழாய் இருமத் தொடங்கியதுமே ஜஸ்மினைக் கூப்பிட்டேன். எங்கள் பக்கம் தண்ணீர் வேறு வழியில் வருகிறது, நிற்கவில்லை. மறுநாள் விடிந்ததும் அவள் அங்கே என் கடை ஷட்டரை இறக்கிவிட்டு, ஆமாம், புதன்கிழமை, வாரத்தின் நடுவில், உள்ளே இருந்த ஆட்களை வைத்து நீல டிரம்களில் தண்ணீர் பிடிக்கத் தொடங்கினாள். பாலன் முட்டை இறக்கிவிட்டு வெறும் லோரியாகத்தானே திரும்புவான்? டிரம்களை ஏற்றிக் கயிறு கட்டிக் கொண்டுவந்தான். வியாழனும் அப்படியே. உங்கள் கடை திறந்திருக்க என் கடையை மூடினேன் நானா. மூடத் தெரிந்த கடை ஒன்று குடும்பத்தில் இருப்பது நல்லது என்று இப்போதாவது ஒப்புக்கொள்ளுங்கள்.

கொண்டுவந்த தண்ணீர் சமையலுக்கும் கை கழுவவும் சரியாக இருந்தது. சோற்றை வாழை இலையில் போட்டோம். டீக்குத்தான் வழியில்லை, கிளாஸ் கழுவ முடியாது. அப்போது சத்தியசீலன் எழுந்து வீட்டுக்குப் போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது கையில் ஒரு வெள்ளிக் கோப்பை, அவர் மகள் பள்ளி ஓட்டப் பந்தயத்தில் வாங்கியது. "இதுல ஊத்து லா. நான் வீட்டுல கழுவிக்கிறேன்" என்றார். அதன் பிறகு பார்க்க வேண்டுமே. ஆளாளுக்கு வீட்டிலிருந்து குவளை கொண்டுவந்தார்கள். டிபன் கேரியர் மூடி, பிள்ளைகளின் பால் கப், மாதவி டீச்சர் கொண்டுவந்த பூப்போட்ட பீங்கான். பஸ் ஓட்டுநர் ஒருவர் தண்ணீர் போத்தலை நீட்டினார். தெரு முழுக்கக் கடைகள் சாத்திக் கிடக்க, நம் கடை வாசலில் வரிசை நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லிவிட்டேன்.

உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன். என்னை யாரும் புது ஆளாகப் பார்க்கவில்லை. "தம்பி வந்துட்டாரு" என்றார்கள். அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன். கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்து ஜஸ்மினுக்கு அனுப்பினேன். அவள் மச்சிக்கு அனுப்பியிருப்பாள், அதனால் நீங்கள் எழுதியதை மச்சி உங்களிடமே காட்டியிருக்கலாம். உங்களைவிட நல்ல கடைக்காரன் என்று எழுதியிருப்பதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் கோடு போட்டு அடிக்கவும் இல்லை.

இன்னொரு வேலையும் நடந்திருக்கிறது. மேலே பாருங்கள். டிவி பக்கத்துச் சுவருக்குப் போய்விட்டது. கம்பியைச் சத்தியசீலன் வேறு வழியில் இழுத்துக் கொடுத்தார். மைனாக் குஞ்சுகள் பறந்துபோன பிறகுதான் பெட்டியைத் திறந்தோம். துருவைத் தேய்த்து, எண்ணெய் போட்டு, பாதி வரை இறக்கிப் பார்த்தோம். வழுக்கிக்கொண்டு வருகிறது. முழுக்க இறக்கவில்லை. பையன்கள் இறக்கச் சொல்லி ஆசைப்பட்டார்கள், நான் விடவில்லை. அதை இறக்குகிற கை உங்களுடையது. இறக்காமலே இருந்தாலும் சரி.

சாவி இன்னும் சூடாக இருக்கும்.

சைஃபு


கோல சிலாங்கூர்
14 ஆகஸ்டு 2025

தம்பி சைஃபுக்கு,

சாவி சூடாகத்தான் இருந்தது.

வந்ததும் நேராகக் கடைக்கு வந்தேன். நஜீபா காரிலேயே இருந்தாள், அவளுக்குத் தெரியும். கடையில் ஆள் நிறைந்திருந்தது. உன் கடிதத்தைக் கல்லாவில் நின்று படித்தேன். படித்து முடித்தபோது சத்தியசீலன் பேப்பருக்கு மேலே என்னைப் பார்த்து, "புகையா மொதலாளி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மூன்று நாளாக இதே கதையைத்தான் கேட்கிறேன். மீன்காரர் சொல்கிறார், கேஸ்காரர் சொல்கிறார், மாதவி டீச்சர் தபாலைக் கொடுக்கும்போது சொல்கிறார். டிரம்மும் லோரியும் வெள்ளிக் கோப்பையும். என்னிடம் சொல்லும்போது எல்லோரும் "ஒங்க தம்பி" என்றுதான் தொடங்குகிறார்கள். நான் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்பது மாதிரிக் கேட்டுக்கொள்கிறேன். நேற்று பண்டாரி பாதி சொல்லி நிறுத்தினார், மீதியையும் சொல்லச் சொன்னேன்.

கடை மூடாமல் இருந்ததுதான் என் பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அதைவிடப் பெரியது ஒன்று கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஷட்டரைப் பார்த்தால் அது வெறும் தகரம்தான்.

வரும் திங்கட்கிழமை உன் கடை எப்படியும் இல்லை. ஜஸ்மினைக் கூட்டிக்கொண்டு வா. பாலனிடம் முட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பண்டாரிக்கும் பையன்களுக்கும் அன்று விடுமுறை. சம்பளத்தோடு விடுமுறை என்றதும் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். மின்மினி பார்க்கப் படகில் போகப்போகிறார்களாம். இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்து ஒருத்தனும் அதைப் பார்த்ததில்லை.

சமைப்பது நான். பாசிர் பெனாம்பாங்கில் கொடுவாய் மீனுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். உனக்குத் தலை. சின்ன வயதிலிருந்து நீ அதை விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தாய் என்று நஜீபா சொல்லித்தான் தெரிந்தது.

இந்த விடுமுறைக்கும் ஒழுங்காகத் தயாராகிவிட்டேன். வாடிக்கையாளர்களிடம் மூன்று நாளாகச் சொல்லி வருகிறேன், யாரும் நம்பவில்லை. மாடித் தொட்டி நிரம்பி இருக்கிறது, பக்கத்தில் புதிதாக இன்னொரு தொட்டியும் வைத்தாயிற்று. பூட்டு வாங்கவில்லை. உள்ளே நாம் இருக்கும்போது பூட்டு எதற்கு? ஜன்னலோர மேசையைச் சுத்தம் செய்து நாலு நாற்காலி போட்டிருக்கிறேன். ஷட்டர் அகலம். ஒரு ஆள் இழுத்தால் கோணும். நீ வலது பக்கம் பிடி, நான் இடது பக்கம் பிடிக்கிறேன்.

வெளியே தொங்கவிட ஒரு பலகையும் எழுதிவிட்டேன். மலாயில் ஒரு பக்கம், தமிழில் ஒரு பக்கம். தமிழ்ப் பக்கத்தை இங்கே எழுதுகிறேன், மாற்ற வேண்டுமென்றால் வரும்போது சொல்.

இன்று கடை இல்லை. அண்ணனும் தம்பியும் உள்ளே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். நாளைக் காலை டீ உண்டு.

நானா